மரத்தை விட்டுக் கரையைப் பிடித்தோம்

தைலமரம் நிலத்தடி நீரைக் குடித்துவிடுகிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் என்னைத் தேடி வந்தது இதற்குத்தான். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம். சமஸ்தான காலத்தில் மன்னரின் வேட்டைக்காடாக இருந்த பகுதியை ஒட்டியது. வீரையும் காசாவும் உலக்கைப்பாலையும் நின்ற மண்ணில் இப்போது காகித ஆலைக்கான தைலமரம் வரிசைகட்டி நிற்கிறது. ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை வெட்டுவார்கள். அடிக்கட்டை மறுபடியும் துளிர்க்கும்.

அந்த வாதத்தை நம்பி ரிட் போட எனக்குத் துணிவில்லை. கர்நாடகத்தில் நடந்து 1990களில் வெளிவந்த நீரியல் ஆய்வு ஒன்று உண்டு. ஆழமான மண்ணில் பெய்த மழையைவிட அதிகமாகத் தைலமரம் உறிஞ்சியது என்கிறது அது. ஆழம் குறைந்த மண்ணில் இயற்கைக் காட்டைவிட அதிகம் குடிக்கவில்லை என்றும் அதே ஆய்வுதான் சொல்கிறது. நான் ஒரு பக்கத்தைப் படித்தால் எதிர்த்தரப்பு அடுத்த பக்கத்தைப் படிக்கும். நிபுணர்கள் முரண்படும் இடத்தில் நீதிமன்றம் பெரும்பாலும் கொள்கை முடிவு என்று ஒதுங்கிக்கொள்ளும்.

இளைஞர்கள் சிலர் கன்றுகளைப் பிடுங்கி எறிவோம் என்றார்கள். கர்நாடகத்தின் குசனூரில் 1987 நவம்பர் 14 அன்று மக்கள் அப்படித்தான் செய்தார்கள். தைலக் கன்றைப் பிடுங்கி ஊருக்குப் பயன்படும் கன்றை நட்டார்கள். ஆனால் அங்கே பிரச்சினை ஊர்ப் பொதுநிலம் பற்றியது; எழுத்தாளர் சிவராம காரந்த் முதலானோர் உச்ச நீதிமன்றத்தில் அதற்கு முன்பே தடையும் வாங்கியிருந்தார்கள். நம்முடையது காப்புக்காடு. 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் அந்தப் பையன்கள் மேல்தான் பாயும் என்று சொல்லி நிறுத்தினேன்.

“மரம் குடிக்கிறது கிடக்கட்டும் வக்கீலய்யா, பெய்யிற தண்ணியே கம்மாய்க்கு வரலையே” என்றார் ஆயக்கட்டுக்காரர் ஒருவர். வழக்கு அந்த இடத்தில் பிறந்தது. மழைநீர் கன்றுகளுக்கே நிற்கட்டும் என்று தைலமரம் வளர்ப்பவர்கள் ஜேசிபி வைத்துச் சரிவுக்குக் குறுக்கே மண் கரை போட்டிருந்தார்கள்.

இதை ஊர் சொன்னால் புகார். அரசு உயர்நிலைப் பள்ளியின் பசுமைப்படை மாணவர்களோ எழுதியே வைத்திருந்தார்கள். மழை பெய்த மறுநாளெல்லாம் அறிவியல் ஆசிரியர் அவர்களை வரத்துவாரி வழியே கண்மாயிலிருந்து மேல்நோக்கி நடத்திச் சென்றிருக்கிறார். எந்த இடத்தில் வாரி ஈரம், எந்த இடத்தில் காய்ச்சல், கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எல்லாம் தேதியோடு நோட்டில் இருந்தது. காட்டின் எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு பிள்ளையையும் அவர் விடவில்லை. அந்த எச்சரிக்கை எத்தனை பெறுமதியானது என்பது பின்னால்தான் தெரிந்தது.

நோட்டை நான் தாக்கல் செய்யவில்லை. பிள்ளைகள் மைனர்கள், ஆசிரியர் அரசு ஊழியர். அதற்குள் மேலிடத்திலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்துவிட்டது. ஆயக்கட்டு விவசாயி ஒருவரை மனுதாரராக்கினேன். நோட்டில் கண்ட இடங்களைப் புலப்படத்தில் குறித்து வரைபடமாக இணைத்தேன். எந்த மரத்தையும் வெட்டச் சொல்லிக் கேட்கவில்லை. வாரியை மறிக்கும் கரைகளை உடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மதுரைக் கிளையில் விசாரணை. மரம் வளர்க்கச் சொல்லித்தர வேண்டிய பள்ளி மரத்துக்கு எதிராகத் தூண்டிவிடுகிறது, மாணவர்கள் காப்புக்காட்டுக்குள் அத்துமீறினார்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னது. வரைபடத்தில் எந்தப் புள்ளியும் எல்லைக்கல்லுக்கு உள்ளே இல்லை என்று காட்டினேன். மண் அரிப்பைத் தடுக்கவே கரை என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதற்காக வாரியின் வாயை அடைக்கத் தேவையில்லை.

வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு போய் அளந்தார். பிள்ளைகள் குறித்த இடங்களில் பெரும்பாலானவை அவர் அறிக்கையிலும் இருந்தன. வாரி குறுக்கிடும் இடங்களில் கரையைத் திறந்துவிட உத்தரவானது. ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் கிராம நிர்வாக அலுவலரும் ஆயக்கட்டுப் பிரதிநிதியும் சேர்ந்து பார்வையிட வேண்டும் என்ற வரியையும் கேட்டு வாங்கினேன்.

ஊரில் பாதிப் பேருக்குத் திருப்தியில்லை. மரம் அப்படியே நிற்கிறதே என்றார்கள். நியாயம்தான். அடுத்த வெட்டுக்குப் பிறகு நாட்டு மரங்களை வைக்கச் சொல்லி ஊராட்சி போட்ட தீர்மானம் ஆட்சியர் அலுவலகத்தில் கிடக்கிறது. முதல் ஆண்டுப் பார்வையிடலிலேயே இரண்டு திறப்புகள் மண் போட்டு மூடப்பட்டிருந்தன. அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பினேன். அடுத்த வாரமே ஜேசிபி வந்து தோண்டிவிட்டுப் போனது.