யார் எந்த வாசல் வழியாக வந்தார்கள்?

அத்திம்பேர் காலமான பிறகு கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் அக்காவுக்கு யூடியூப் சேனல்தான் பேச்சுத்துணை. வயது 71. வடாம், வற்றல், ஊறுகாய் என்று வாரம் ஒரு வீடியோ. பேரன் ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டான். கணக்கு வழக்குப் பார்ப்பது, வங்கியில் 34 வருடம் குப்பை கொட்டிய அடியேன்.

போன தை மாதம் போனில், "போதும்டா, மூடிடலாம். யார் பாக்கறா?" என்றாள். குரலே சரியில்லை.

அன்று இரவு யூடியூப் ஸ்டூடியோவில் 'டிராஃபிக் சோர்ஸ்' பகுதியைத் திறந்தேன். பார்வையாளர் எப்படி வந்தார் என்று அது பிரித்துக் காட்டும். தேடி வந்தவர், வேறு வீடியோ பார்க்கையில் பரிந்துரையில் கண்டு வந்தவர், முகப்பில் கண்டவர், வாட்ஸ்அப் போன்ற வெளியிடத்திலிருந்து வந்தவர்.

வாட்ஸ்அப் கூட்டம் என்பது எங்கள் குடும்பக் குழுதான். கல்யாணத்தில் மொய் எழுதுகிற மாதிரி தலையைக் காட்டிவிட்டு அரை நிமிஷத்தில் எழுந்துவிடுகிறார்கள். யூடியூப்போ 2012லிருந்தே, எத்தனை பேர் தட்டினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கிறது.

தேடி வந்தவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் ஏழெட்டு நிமிஷம் உட்கார்கிறார்கள். என்ன தட்டித் தேடினார்கள் என்றும் அங்கே தெரியும். 'வடாம் பொரித்தால் ஏன் சிவக்கிறது', 'மாவடு பூஞ்சை பிடிக்காமல் இருக்க'. எல்லாம் கரண்டியும் கையுமாகத் தவிக்கிறவர்கள் கேட்பது. அக்கா வைத்திருந்த தலைப்போ, 'இன்றைய ஸ்பெஷல் - பகுதி 14'! அதை யார் தேடுவார்கள்?

தலைப்புகளை மாற்றினோம். முகப்புப் படத்தில் அக்காவுக்குப் பதில் பூஞ்சை பிடித்த ஜாடி ("கர்மம்!" என்றாள்). வடாம் வீடியோ முடிகிற இடத்தில் வற்றல் வீடியோவைக் காட்ட வைத்தோம். மாவடு வீடியோவை வடு சந்தைக்கு வருமுன்பே ஏற்றினோம். குடும்பக் குழுவில் அனுப்புவதை நிறுத்தச் சொன்னதற்கு மட்டும் அக்கா சம்மதிக்கவில்லை. "எட்டியாவது பாக்கறாளேடா!"

பரிந்துரையில் வருபவர்கள் இன்னும் சொற்பம். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதற்கு நாள் இருக்கிறது. போன வாரம் துபாயிலிருந்து ஒரு பெண், மாவடு தண்ணீர் விடவே இல்லையே மாமி என்று கேட்டிருந்தாள். அக்காவுக்குத் தட்டச்சு வராது. பதிலை வீடியோவாகவே எடுத்து அனுப்பியிருக்கிறாள். 12 நிமிஷம்.