நண்டுத் தீவில் முரண்டு பிடித்த சைக்கிள்

கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தும், கெத்தாம் தீவுக்கு நான் போனது முப்பத்திரண்டு வயதில்தான். அதுவும் அப்பா ஆசைப்பட்டதால். "துறைமுகத்துல வேலை பார்த்தப்ப தினமும் அந்தப் படகைப் பார்ப்பேன். ஒருநாள்கூட ஏறுனதில்லடா," என்றார்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. போன ஆண்டு அவருடைய பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் மோட்டாரும், கேரியரில் 36 வோல்ட் பேட்டரியும் நானே பொருத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து சந்தை, கோயில், கோப்பிக்கடை எல்லாவற்றுக்கும் அவருக்கு அதுதான் கால். தீவுக்கும் அதையே கொண்டுபோகலாம் என்றார்.

போர்ட் கிள்ளான் படகுத்துறையில் படகுக்காரரிடம் கேட்டு சைக்கிளை ஏற்றினோம். இருபுறமும் கண்டல் காடு. கரையேறியதும் மீன் காயும் வாசனை வரவேற்றது. இங்கே கார் கிடையாது. சேற்றில் ஊன்றிய கால்கள் மேல் வீடுகள். அவற்றை இணைக்கும் குறுகலான சிமெண்டுப் பாதைகள். சீன மீனவக் குடும்பங்கள் வாழும் இந்த ஊரில் பாட்டி முதல் பள்ளிப் பிள்ளை வரை பலருக்கும் மின்சார சைக்கிள்தான் வாகனம்.

எனக்கு ஒரு வாடகை சைக்கிள் எடுத்தேன். அப்பா உற்சாகமாக முன்னால் போனார். கோயிலைத் தாண்டியதும் அவர் சைக்கிள் திக்கியது. சக்கரம் உதறியது, மோட்டார் கரகரத்தது, நின்றுவிட்டது. தள்ளிவிட்டால் ஓடியது, நின்ற இடத்திலிருந்து கிளம்பவில்லை. பேட்டரியோ நிறைய இருந்தது.

அப்பா இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "போதும்டா. இதை வித்துடு. எனக்கும் வயசாச்சு," என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மெல்லத் தள்ளிக்கொண்டே ஒரு பழுது பார்க்கும் கடையை அடைந்தோம். அங்கிருந்த சீனப் பெரியவர் இரண்டே நிமிடத்தில், "ஹால் சென்சார்," என்றார். மலாயில் விளக்கவும் செய்தார்.

மோட்டாருக்குள் மூன்று சிறிய ஹால் சென்சார்கள் உண்டு. சுழலும் காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவைதான் கண்ட்ரோலருக்குச் சொல்கின்றன. ஒன்று வாய்மூடினாலும், எந்தச் சுருளுக்கு மின்சாரம் அனுப்புவது என்று கண்ட்ரோலர் குழம்பிவிடும். உதறல் அதனால்தான்.

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பேட்டரியை இயக்கி, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்தார். மெல்லிய ஒயர்கள் ஐந்து. கறுப்பில் ஒரு முனை, சிவப்பில் மறுமுனை: ஏறக்குறைய 5 வோல்ட். சென்சாருக்கு மின்சாரம் வருகிறது. பிறகு சிவப்பு முனையை மஞ்சளுக்கு மாற்றி, சக்கரத்தை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினார். பல்சக்கரம் உள்ள மோட்டார், சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் உள்ளே அசையாதாம். அளவு 0, 5, 0, 5 என்று மாறியது. நீலமும் அப்படியே. பச்சை மட்டும் 5-இலேயே நின்றது.

சென்சார் செத்துவிட்டது, மோட்டாரைப் பிரிக்க வேண்டும் என்றே நினைத்தேன். அவர் பேட்டரியை அணைத்து, இணைப்பானைக் கழற்றிக் காட்டினார். பச்சை ஒயரின் ஊசியில் களிம்பு பூத்திருந்தது. கண்ட்ரோலர் பக்கத்திலிருந்து வரும் 5 வோல்ட்டைத்தான் மீட்டர் காட்டியிருக்கிறது. சென்சார் பேசியது இந்தப் பக்கம் வரவே இல்லை.

"சியாப்பா பசாங்?" என்றார். யார் பொருத்தியது?

நான் தயங்குவதற்குள், "அனாக் சாயா," என்றார் அப்பா. என் மகன். குரலில் பெருமை இருந்தது.

தப்பு என்னுடையதுதான். இணைப்பானின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி கட்டியிருந்தேன். மழைநீர் ஒயர் வழியே நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. பெரியவர் ஊசியைத் தூரிகையால் தேய்த்து, சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்து, ஒயரைக் கீழே வளைத்துவிட்டு மேலேற்றிக் கட்டினார். இனி தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். தளர்ந்திருந்த அச்சு நட்டையும் இறுக்கினார். அச்சு திரும்பினால் ஒயரே அறுந்துவிடும் என்று எச்சரித்தார். மறுபடி அளந்தார். பச்சையும் 0, 5, 0, 5.

கூலி பத்து வெள்ளி. மறக்க முடியாத பாடம்.

அப்பா ஏறினார். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. படகுத்துறை வரை நான்தான் மூச்சிரைக்க மிதித்தேன். விற்பதைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை. படகில் உட்கார்ந்ததும் ஒன்றுதான் கேட்டார்: "அடுத்த வாரம் எங்கடா?"

நீங்களும் போவதாக இருந்தால், காலையிலேயே கிளம்புங்கள். கடைசிப் படகு எப்போது என்று இறங்கியதும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மின்சார சைக்கிள் கொண்டுபோனால், பையில் ஒரு மல்டிமீட்டரும் இருக்கட்டும்.