அப்பா பெயரை அழிக்காதீங்க

பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்மில் பலர் ஆரக்கிளின் 'எம்ப்' டேபிளை வைத்துத்தான் எஸ்க்யூஎல் பழகியிருப்போம். மொத்தம் 14 பேர். ஒவ்வொருவர் வரியிலும் அவருடைய மேலதிகாரியின் எண் இருக்கும். கிங் என்கிற பெரிய முதலாளிக்கு மட்டும் அந்த ஃபீல்டு காலி. ஒரு மரத்தை டேபிளுக்குள் அடைக்க இதைவிட எளிய வழி இல்லை. அந்த எளிமையை மதிக்காமல் நான் வாங்கிய அடியைத்தான் சொல்லப்போகிறேன்.

2012. புனே பக்கம் பம்ப் செய்கிற ஒரு தொழிற்சாலைக்கு உதிரிபாகப் பட்டியல் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். பம்ப்புக்குள் மோட்டார், மோட்டாருக்குள் ரோட்டார், பேரிங்... அம்சமான மரம். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். ஆரக்கிளில் இருக்கிற 'கனெக்ட் பை' அதில் கிடையாது. 'வித் ரிகர்சிவ்' வந்ததும் 2018-ல், 8.0-வில்தான். அதனால் பம்ப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் தட்டுக்கு ஒரு க்வெரி ஓடும். ரிப்போர்ட் ஆமை வேகம்.

அப்போதுதான் ஜோ செல்கோ பிரபலமாக்கிய நெஸ்டட் செட் முறை கண்ணில் பட்டது. மரத்தைச் சுற்றி நடந்துகொண்டே ஒவ்வொரு பாகத்துக்கும் இடது, வலது என்று இரண்டு எண் கொடுக்க வேண்டும். பம்ப் 1-10, மோட்டார் 2-7, ரோட்டார் 3-4, பேரிங் 5-6, வெளிக்கூடு 8-9. மோட்டாருக்குள் இருப்பவை வேண்டுமா? இடது எண் 2-க்கும் 7-க்கும் நடுவில் உள்ளதை எடு. ஒரே க்வெரி! ரிப்போர்ட் பறந்தது. சந்தோஷத்தில், இனி இது எதுக்கு என்று 'அப்பா யார்' என்ற ஃபீல்டைத் தூக்கிவிட்டேன். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்று படித்தவனாச்சே!

சில மாதம் கழித்து ஒருநாள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாகம் சேர்த்தார்கள். முதல் ஆள் மோட்டாருக்குள் விசிறி போட்டார். அது 7-8 ஆனது, மற்ற எண்கள் தள்ளிப்போயின. மோட்டார் 2-9, வெளிக்கூடு 10-11. இரண்டாம் ஆள் வெளிக்கூட்டுக்கு கேஸ்கெட் போட்டார். ஆனால் அவர் திரையைத் திறந்தபோது வெளிக்கூட்டின் வலது எண் 9. என் புரோகிராம் அந்தப் பழைய 9-லேயே செருகியது. கேஸ்கெட் 9-10, மோட்டார் 2-11. அதாவது கேஸ்கெட் மோட்டாருக்குப் பிள்ளையாகிவிட்டது!

எரர் எதுவும் வரவில்லை. எண்கள் எல்லாம் ஒழுங்காக ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருந்தன. சரிபார்க்கிற புரோகிராமும் 'ஓகே' சொன்னது. வெளிக்கூடு உதிரிபாகப் பெட்டிகள் மட்டும் கேஸ்கெட் இல்லாமல் வெளியே போயின.

கண்டுபிடித்தவர் ஸ்டோர்ஸ் காகா. அறுபதை நெருங்கிய மனுஷர், கம்ப்யூட்டர் பக்கமே வராதவர். எந்தெந்தப் பாகம் இப்படி இடம் மாறியது என்று டேட்டாபேஸைக் கேட்டுப் பார்த்தேன். அதற்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஃபீல்டைத்தான் நான் அழித்துவிட்டேனே! காகா மேஜை டிராயரிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். மூன்றே பத்தி. பாகம், எதில் மாட்டுவது, எத்தனை. அதை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து மரத்தைத் திரும்பக் கட்டினோம்.

செல்கோ முறையில் குற்றமில்லை. எண்ணைப் படிப்பதையும் தள்ளுவதையும் ஒரே பூட்டுக்குள் செய்யாதது என் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, கணக்குப் போட்டு எடுக்கக்கூடியதை வைத்துக்கொண்டு, கணக்கின் மூலத்தை அழித்தது. அப்பா ஃபீல்டு இருந்தால் இடது-வலதை எப்போது வேண்டுமானாலும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். எண்கள் தப்பாகிவிட்டால் அவற்றிலிருந்து அப்பாவைக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது பாகங்களுக்கு ஒரு டேபிள், எது எதில் எத்தனை என்பதற்கு ஒரு டேபிள், மேலே ஒரு 'வித் ரிகர்சிவ்' க்வெரி. ஒரே பேரிங் நாலு பம்ப்பில் வந்தாலும் சிக்கல் இல்லை. யோசித்துப் பார்த்தால் இது அப்படியே காகாவின் நோட்டுதான். அவர் எந்த கிளாஸுக்கும் போனதில்லை.