பாலத்தில் நின்ற வில்லாளன்

தாயக்கட்டத்தில் காய் வெட்டுப்பட்டதற்காக நாங்கள் எவரும் துக்கம் கொண்டாடியதில்லை. வெட்டுண்ட காய் வெளியேறும். தாயம் விழுந்தால் மீண்டும் இறங்கும். தலைநகரின் அரசுக் குடியிருப்பில் எங்கள் மகன் ஞாயிறுதோறும் நண்பர்களோடு ஆடும் ஆட்டமோ வேறு வகையைச் சார்ந்தது.

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் படைக்க, 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆடுபவர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஒரு பாத்திரத்தைப் படைத்து, அதன் வலிமையையும் உயிர்ப்புள்ளிகளையும் தாளில் எழுதிக்கொள்வர். நடுவர் கதை சொல்ல, இருபது முகப் பகடை விதியை உரைக்கும். ஒரே பாத்திரமாக ஆண்டுக்கணக்கில் ஆடுவோரும் உண்டு. அது மாண்டால் உயிர்ப்பிக்க மந்திரம் உண்டு. ஆனால் அதற்கு 500 பொன் பெறும் வைரம் வேண்டுமாம். ஏழையின் பாடு அங்கும் அதுதான்!

இவ்வாட்டத்தின் சாவுகளுள் பெயர்பெற்றவை, கைகாக்ஸ் எழுதி 1978இல் அச்சேறிய 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்னும் கல்லறைக் கதையில் நிகழ்பவை. அங்கே பச்சை நிறப் பூதமுகம் ஒன்று வாய் பிளந்து நிற்கும். உள்ளே காரிருள். வழி அதுவே என்றெண்ணி நுழைந்தவர் அக்கணமே இல்லாமற்போவர், சாம்பலும் மிஞ்சாது. ஓசை எதுவும் வரவில்லையே என்று பின்னால் நுழைந்தவர்க்கும் அதே கதி. இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எங்களுக்கு இவ்வகைச் சாவு உவப்பானதன்று. எலி பொறியில் சிக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு காணோம்.

மனத்தில் நிற்பது வேறு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, உயிர்ப்புள்ளி அற்று விழுந்தவன் தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் தேறுதல், குறைந்தால் தோல்வி. மூன்று தோல்வி சேர்ந்தால் முடிவு. அதற்குள் தோழர் எவரேனும் ஓடிவந்து மருந்து ஊட்டினால் பிழைப்பான். வந்து சேர்வார்களா என்பதே அச்சில நிமிடங்களின் தவிப்பு.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் மகனின் வில்லாளன் மாண்டான். இடிந்துகொண்டிருந்த பாலத்தில் தோழர் நால்வரையும் முன்னே அனுப்பிவிட்டுத் தான் பின்தங்கி நின்றான். மறுகரை சேர்ந்தவர்களால் திரும்பி அவனை எட்ட இயலவில்லை. மூன்றாம் தோல்வியாகப் பகடையில் நான்கு விழுந்தது. மேசையைச் சுற்றியிருந்த பிள்ளைகள் எவரும் பேசவில்லை. நாங்கள் வைத்த பஜ்ஜி ஆறிப்போயிற்று.

அவ்வில்லாளனுக்கு அவன் இட்டிருந்தது கும்பகோணத்துப் பாட்டனாரின் பெயர். 2021ஆம் ஆண்டு மே மாதத்து ஊரடங்கில் அவர் மறைந்தபோது எங்களால் ஊர் போய்ச் சேர முடியவில்லை. தகனத்தைக் கைப்பேசித் திரையில் கண்டோம். சிறுவனாயிருந்த அவன் அன்று அழவில்லை. வில்லாளன் விழுந்த மாலை அழுதான்.

புதிய பாத்திரம் எழுதலாமே என்ற நண்பனிடம், அடுத்த வாரம் ஆகட்டும் என்றான். பின்னர் எங்களிடம் வந்து, பாட்டனாரின் கடிதங்கள் உள்ள தகரப் பெட்டியின் சாவியைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தோம்.