கட்டுக்குள் நிற்க வேண்டிய சுற்று

அனலாக்-டிஜிட்டல் மாற்றத்துக்காக டோக்கியோவைச் சேர்ந்த இனோசே, யசுதா, முரகாமி மூவரும் 1962-இல் வெளியிட்ட சிக்மா-டெல்டா எண்ணம் இன்னும் என்னை வியக்க வைக்கிறது. ஒரே ஒரு பிட் மட்டும் தெரிந்த குவாண்டைசரை வேகமாக ஓடவிட்டு, அதன் பிழையைப் பின்னூட்டத்தால் நமக்குத் தேவையில்லாத உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளிவிடுவது! இரண்டு இன்டகிரேட்டர்கள் கொண்ட இரண்டாம் படிச் சுற்றில் மாதிரி வேகத்தை இரட்டிப்பாக்கினால், நமக்குத் தேவையான அலைவரிசையில் இரைச்சல் 15 டெசிபல் இறங்கும்; மூன்றாம் படியில் 21.

அப்படியானால் படியை ஏற்றிக்கொண்டே போகலாமே? முடியாது. படி ஏறினால், உள்ளீடு வரம்பைச் சற்று மீறினாலும் இன்டகிரேட்டர்கள் கட்டுமீறி ஓடும். ஒரு பிட் சுற்றுக்கு இரைச்சல் சார்பின் (குவாண்டைசர் பிழை வெளியீட்டுக்குச் செல்லும் பரிமாற்றச் சார்பின்) உச்ச மதிப்பை 1.5-க்குள் வை என்கிற லீ விதி கைகொடுக்கும். ஆனால் அது அனுபவ விதிதான், நிரூபணம் இல்லை. நீண்ட சிமுலேஷன் ஓட்டிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

இனி, சுற்றை எப்படிக் கட்டுவது? வேகமும் வேண்டும், மின்செலவும் குறைய வேண்டும் என்றால் என் தேர்வு தொடர்-நேரச் சுற்று. ஸ்விட்ச்டு-கெபாசிட்டர் சுற்றில் ஒவ்வொரு கிளாக்கிலும் ஆப்-ஆம்ப் அவசரமாக நிலைகொள்ள வேண்டும். தொடர்-நேரச் சுற்றில் அந்த நெருக்கடி இல்லை. ஆன்டி-அலையாசிங் வேலையும் பெருமளவு சுற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். பதிலுக்குக் கிளாக் நடுக்கமும் குவாண்டைசர் தாமதமும் படுத்தும். தாமதத்தைக் கவனிக்காமல் விட்டால் சுற்று நிலைகுலையும். குவாண்டைசரைச் சுற்றி ஒரு நேரடிப் பாதை போட்டுக் கெழுக்களைத் திருத்தினால், நாம் வடிவமைத்த இரைச்சல் சார்பை அப்படியே மீட்கலாம்.

மாணவர்களே, ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் சாந்தி பவன், ஷ்ரையர், டெம்ஸ் மூவரும் எழுதிய சிக்மா-டெல்டா நூலின் 2017 பதிப்பில் இந்தத் தாமதத் திருத்தம் பற்றிய பகுதியைப் படியுங்கள். கெழுக்களை முதலில் கையால் கணக்கிடுங்கள். மென்பொருளை அப்புறம் திறக்கலாம்.