படமும் பெயரும்

பூண்டுலோயாவில் மழைக்காலம் நீண்டது. லயன் காம்பிராவின் சுவரில் ஏறும் ஈரம், கட்டிலடியில் வைத்த தகரப் பெட்டியையும் விடுவதில்லை. பிறப்புச் சான்றிதழுக்கும் பழைய சம்பளச் சீட்டுக்கும் இடையில் ஒரு குடும்பத்தின் புகைப்படங்கள் அப்பெட்டியிற் கிடக்கும். ஜெலற்றின் படலத்தின்மேல் உருவானவை அவை. ஈரம் பட்டால் எளிதிற் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பல்கலைக்கழக விடுமுறையில் வீடு வந்த பெண்ணொருத்தி, அத்தகைய பெட்டியொன்றை இஸ்தோப்பில் வைத்துத் திறந்தாள். அருகில் அவளுடைய அப்பாயி. முன்னே, தோழியிடம் இரவல் வாங்கிய ஸ்கானர். படத்தைக் கண்ணாடித் தட்டின்மேற் கவிழ்த்து மூடினால், அடியில் ஒளி நகர்ந்து வரிவரியாக அதனைப் படித்து, கணினிக்குரிய இலக்கங்களாக மாற்றித் தரும் கருவி அது.

எளிய வேலைபோலத் தோன்றினும் அதற்கெனச் சில ஒழுங்குகள் உள. படத்தை ஈரத்துணியால் துடைத்தலாகாது; நீர் பட்ட ஜெலற்றின் ஊதி உரிந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியை அகற்றினாற் போதும். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயலாது, கண்ணாடியுடனேயே வைத்தல் நலம். காகிதப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதுமானவை. 3 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் கொண்ட படம் அவ்வளவில் 1800க்கு 2400 புள்ளிகளாக விரியும். 35 மில்லிமீற்றர் பிலிம் மிகச் சிறிதாதலின், அதற்கு 2400 புள்ளிகளுக்குக் குறையலாகாது. மேலும், பிலிமினூடே ஒளி பாயவேண்டும்; அவ்வசதி எல்லா ஸ்கானர்களிலும் இல்லை. மூலப்பிரதியைத் தரம் குறையாத ‘டிஃப்’ கோப்பாகச் சேமித்த பின்னரே, பிறருக்கு அனுப்பும் சிறிய பிரதிகளை எடுத்தல் முறையாகும்.

இவையனைத்தையும் அவள் கற்றிருந்தாள். வேலையும் விரைவாகவே நடந்தது. கூட்டுப்படமொன்று கைக்கு வந்தபோதுதான் அவளுக்குத் தயக்கம் பிறந்தது. ஸ்ரூடியோத் திரைக்கு முன்னே 14 பேர். அவர்களுள் ஒருவரையும் அவள் அறியாள்.

“அப்பாயி, இவுங்கல்லாம் யாரு?”

“எங்க பெரியண்ணன் குடும்பம் புள்ள. கப்பலுக்குப் போறதுக்கு மொத வாரம் எடுத்தது.”

அக்கப்பலின் பின்னே நீண்ட வரலாறுண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியர் என வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. எண்களைப் பங்கிட்டபோது உடன்பிறந்தாரும் பிரிந்தனர். 1984வரை தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குச் சென்ற கப்பல் அவர்களை ஏற்றிச் சென்றது. தமிழ்நாட்டரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், அவர்களுட் சிலரை நீலகிரியின் மலைச்சரிவுகளில் மீண்டும் கொழுந்து பறிக்க வைத்தது.

பேத்தி படத்தைப் புரட்டினாள். பின்புறத்தில் மங்கிய பென்சில் எழுத்தில் கூடலூர் முகவரியொன்று இருந்தது. அதுவரை படங்களின் முன்புறத்தை மாத்திரமே அவள் பிரதியெடுத்திருந்தாள்; அன்று மாலை முழுவதும், முடித்த படங்களையெல்லாம் மீண்டும் எடுத்துப் பின்புறங்களையும் பிரதி செய்தாள்.

அப்பாயி இடப்புறமிருந்து பெயர்களைச் சொன்னாள். 13 பெயர்கள் வந்தன. மதினியின் மடியிலிருந்த கைக்குழந்தையிடம் வந்ததும் அவள் விரல் நின்றது. “வாயில இருக்கு, வரமாட்டேங்குது” என்று சொல்லி நெடுநேரம் படத்தையே பார்த்திருந்தாள்.

மலையகத்தாரின் முகங்கள் பெயரிழந்து நிற்பது புதிதன்று. புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, தோட்டங்களில் உழைத்தோரையும் படம் பிடித்தார். 1879இல் மறைந்த அவர் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய இலங்கைப் படங்கள் உலகின் பெரிய நூதனசாலைகளிற் பேணப்படுகின்றன. ஆயின் அவற்றிலுள்ளோர் பலரின் பெயரை இன்று எவரும் அறியார். படத்தைக் காத்தவர்கள் பெயரைக் கேட்டு எழுதவில்லை.

கேட்டு எழுதிய முன்மாதிரியும் இம்மலைநாட்டிலேயே உண்டு. பூண்டுலோயாவுக்கு அண்மையிலுள்ள மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம் இன்று ஈழத்துத் தமிழாவணங்களை இணையத்திற் சேர்த்து வருகின்றது. எனினும் தகரப் பெட்டிகள்தோறும் நிறுவனங்கள் வருதல் இயலாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது, மனிதரோடு லயன்களும் அவற்றினுள் இருந்த பெட்டிகளும் புதைந்தன. மண் சரியாத இடங்களிலும் முதியோரின் நினைவு ஓசையின்றிச் சரிந்துகொண்டிருக்கிறது. பூஞ்சணம் பிடித்த படத்தைக் கருவியால் ஓரளவு மீட்கலாம். மறந்த பெயரை எக்கருவியும் மீட்டுத்தராது. ஆகவே, ஸ்கானரை இயக்குமுன் செய்யவேண்டியது முதியோரின் அருகில் அமர்ந்து கேட்டலேயாம்.

கூட்டுப்படத்தின் கோப்போடு 13 பெயர்களையும் பேத்தி வரிசையாக எழுதி வைத்தாள். கூடலூர் முகவரிக்குப் படத்தின் பிரதியோடு ஒரு கடிதமும் போயிற்று. பதில் இன்னும் வரவில்லை. 14ஆம் இலக்கத்துக்கு எதிரே ‘கைக்குழந்தை’ என்று மாத்திரம் எழுதி, பெயருக்குரிய இடத்தை அவள் வெறுமையாக விட்டிருக்கிறாள்.