நேரம் குறையிறது வளைவில

மன்னாரில எங்களுக்கு ஓட்டப்பந்தயப் பாதை எதுவும் இல்லை. இருக்கிறது நேர் ரோட்டுத்தான். பாலத்திலயும் தலைமன்னார் ரோட்டிலயும் கூட முறுக்கிறவன்தான் எங்கட பெடியளுக்கு வீரன்.

கோயம்புத்தூரில 2.1 கிலோமீட்டர் நீளமான கரி ஸ்பீட்வே இருக்கு. 2005இல் ஃபார்முலா 1இல் ஓடிய நரேன் கார்த்திகேயனின் ஊர் அது. அப்படியான பாதைகளில் பழகிறவை ஓடுற வீடியோக்களைப் பார்த்து நாங்கள் விளங்கிக்கொண்டது வேற கதை. நேராய்ப் போகேக்கையே பிரேக் பிடிச்சு முடிக்கவேணும். வளைவுக்குள்ள நிதானமாய் நுழையவேணும். வண்டி நிமிர நிமிர வேகத்தைக் கூட்டவேணும். 400 மீட்டர் நேர்ப்பாதையைச் சராசரி 100 கிலோமீட்டர் வேகத்தில கடக்க 14.4 விநாடி, 105 எண்டால் 13.7. அந்த அஞ்சு, வளைவை விட்டு ஒழுங்காய் வெளியேறினவனுக்குத்தான் கிடைக்கும். அவசரப்பட்டு நுழைஞ்சவனுக்கு இல்லை.

அங்க எல்லாரும் ஒரே திசையில, ஹெல்மெட்டோட. எங்கட ரோட்டிலயோ டியூஷனுக்குச் சைக்கிளில போற பிள்ளை, குறுக்க நிக்கிற கழுதை, பக்கவாட்டில தள்ளுற கச்சான் காற்று. இங்க நேரம் பார்த்து ஓடினால், பணயம் வைக்கிறது மற்றவையின்ர உயிரை.

பெடியளைத் திட்டிறதோட நிப்பாட்டாமல், ஓடிப் பழக மூடின இடமொண்டும் கேப்பம். அது கிடைக்கும்வரை, ரோட்டு எல்லாருக்கும் பொதுதான்.